குறுக்கே பேச ஆள் தேவை

ஒத்தக்கடை, மதுரை
6 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துராஜ் எழுதுகிறேன். கர்த்தருடைய தயவில் நானும் தங்கமும் சுகம். கோத்தகிரிக் குளிரில் உன் முதுகுவலி எந்த மட்டில் இருக்கிறது என்று ஒரு வரி எழுது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தொன்பது வருடம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த எனக்கு இங்கிலீஷ் பேச வராது.

எழுதச் சொல், எழுதுவேன். திருத்தச் சொல், சிவப்பு மையில் பக்கத்தையே நனைத்துவிடுவேன். வாயைத் திறந்து நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஐயாயிரம் பிள்ளைகளுக்குக் குறையாமல் இங்கிலீஷைத் தமிழிலேயே நடத்தி அனுப்பியிருக்கிறேன். ஆய்வுக்கு அதிகாரி வந்தால் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் நின்றுகொள்வேன். போன வருடம் நிர்வாகம் ஆசிரியர் அறையிலும் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று தாள் ஒட்டியது. மறுநாளே எனக்கு முழங்கால் வலி வந்தது. விருப்ப ஓய்வு வாங்கியதும் வலி போய்விட்டது. இதுதான் என் முழங்கால் சரித்திரம்.

இதை ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் நாத்தனார் கொண்டுவந்த கிறிஸ்துமஸ் கேக்கைப் பற்றி உனக்கென்று நினைத்து நான் பேசி அனுப்பியது, எழுபத்திரண்டு பேர் இருக்கும் குடும்பக் குழுவில் போய் விழுந்ததிலிருந்து ரகசியங்களைத் தபாலில் சேர்ப்பது என்று முடிவெடுத்திருக்கிறேன்.

இப்போது என்ன வந்தது என்றால், ஒரு மாணவர் வந்திருக்கிறார். பக்கத்து வீட்டுச் சோலை உனக்குத் தெரியும். மேலூர்ப் பக்கம் விவசாயம் பார்த்துவிட்டு இங்கே மாடி கட்டிக் குடிவந்தவர். அவர் மாடியில் இத்ரீஸ் என்று ஒரு சூடான்காரர் குடியிருக்கிறார். நாற்பத்துமூன்று வயது, தாய்மொழி அரபி. இங்கே ஒரு கல்லூரியில் எள்ளைப் பற்றி ஆராய்ச்சி. எள்ளுக்காய் முற்றியதும் தானாக வெடித்து விதையெல்லாம் மண்ணில் கொட்டிவிடுகிறதே, அதைத் தடுப்பது எப்படி என்று முந்நூறு பக்கம் இங்கிலீஷில் எழுதியிருக்கிறார். எழுத்தில் ஒரு பிழை கிடையாது. பேச்சில்தான் ஆள் ஊமை. நவம்பரில் வாய்மொழித் தேர்வு, வைவா என்பார்களே, அதில் பாதியில் தடுமாறி நின்றுவிட்டார். "இன்னொரு தடவை வரணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மே மாதம் மறு தேர்வு. ஓமானில் சலாலா என்ற ஊரில் ஒரு கல்லூரி இவருக்கு வேலை எடுத்துவைத்திருக்கிறது, பட்டத்தோடு ஜூன் முடிவதற்குள் வந்தால். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் சண்டைக்குத் தப்பி போர்ட் சூடானில் மைத்துனன் வீட்டில் ஒண்டிக்கிடக்கிறார்கள். பார்த்து மூன்று வருடம் ஆகிறது. வேலை கிடைத்தால்தான் அவர்களை அழைத்துக்கொள்ள முடியும்.

சோலை வந்து, "அண்ணே, நீங்க இங்கிலீசு வாத்தியாரு. இந்த மனுசனுக்குப் பேசச் சொல்லிக்குடுத்தா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். நான் சரியென்று சொல்லிவிட்டேன்.

என்ன செய்யட்டும்?

உன் தம்பி,
கிறிஸ்துராஜ்

*

கோத்தகிரி
15 ஜனவரி 2025

அன்புத் தம்பி கிறிஸ்துராஜுக்கு,

அக்கா ஹெப்சிபா எழுதுவது. சுகமாயிருக்கிறேன். முதுகு அப்படியே இருக்கிறது, அதைப் பற்றி எழுதினால் குறையப்போவதில்லை. தங்கத்துக்கு என் அன்பு.

உனக்கு இங்கிலீஷ் பேச வராது என்பது வெட்கக்கேடுதான், ஆனால் ரகசியம் இல்லை. உன் கல்யாணத்துக்கு வந்த வெள்ளைக்கார மிஷனரியம்மாவைப் பார்த்து நீ மேடையிலேயே கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தபோதே எனக்குத் தெரியும்.

அந்த மனிதரிடம் உண்மையைச் சொல். வேறு வாத்தியாரைப் பார்த்துக்கொள்ளட்டும். மூன்று பேர் அவர் வாயை நம்பிக் காத்திருக்கிறார்கள். இது விளையாட்டில்லை.

அன்பு அக்கா,
ஹெப்சிபா

*

ஒத்தக்கடை
4 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே தேவ கிருபையால் யாவரும் நலம். தங்கத்துக்கு மட்டும் லேசாகச் சளி. நீ வெந்நீரிலேயே குளிக்கிறாயா?

உண்மையைச் சொல்லத்தான் போனேன். அதற்குள் வேறு யோசனை வந்துவிட்டது. நாலு வருடம் முன்னால் எங்களை ஒரு பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். ஒரு ஃபைல், ஒரு பேனா, ஆறிப்போன ஒரு போண்டா. அந்த ஃபைலை இப்போதுதான் திறந்தேன். அதில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? மனிதர்கள் மூன்று வகையாம். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர். ஒவ்வொருவருக்கும் அவரவர் வழியில் சொல்லிக்கொடுத்தால் எதுவும் ஏறிவிடுமாம். கண்டுபிடிக்க முப்பது கேள்விகள் இருக்கின்றன.

இத்ரீஸிடம் தாளைக் கொடுத்தேன். 'புது மின்விசிறி வாங்கினால் எப்படி மாட்டுவீர்கள்? படம் பார்த்தா, கடைக்காரரைக் கேட்டா, நீங்களே முயன்றா?' என்று ஒரு கேள்வி. மூன்றையும் அடித்துவிட்டு, அழகான கையெழுத்தில் 'திரு. சோலையைக் கூப்பிடுவேன்' என்று எழுதியிருந்தார்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து அவர் பார்த்துக் கற்பவர் என்று முடிவுசெய்தேன். ஆகவே பாடமெல்லாம் பார்வை வழியில்தான். நான் சீட்டில் ஒரு கேள்வி எழுதி நீட்டுவேன். அவர் படித்துப் பார்த்து, பதில் எழுதி நீட்டுவார். பன்னிரண்டு நாளாக மாலை ஐந்து மணிக்கு ஒழுங்காக நடக்கிறது. மிகப் பெரிய முன்னேற்றம். நேற்று மட்டும், 'உஸ்தாத், எப்போது பேசத் தொடங்குவோம்?' என்று எழுதினார். உஸ்தாத் என்றால் அவர்கள் ஊரில் வாத்தியார். 'அவசரம் கூடாது' என்று எழுதிக் கொடுத்தேன்.

பிரமாதமான மனிதர் அக்கா. வரும்போது புளிச்சக்கீரைப் பூவைக் காயவைத்துக் கொதிக்கவிட்ட சிவப்புத் தேநீர் ஒரு ஃப்ளாஸ்கில் கொண்டுவருவார். நாம் கீரையைக் கடைந்துவிட்டுப் பூவைத் தூரப் போடுகிறோமே என்று தங்கத்துக்கு வருத்தம்.

உன் தம்பி,
கிறிஸ்துராஜ்

*

கோத்தகிரி
12 பிப்ரவரி 2025

அன்புத் தம்பிக்கு,

சுகம். வெந்நீர்தான். தங்கத்தை ஆவி பிடிக்கச் சொல்.

பன்னிரண்டு நாளில் இரண்டு பேரில் ஒருவராவது வாயைத் திறந்தீர்களா?

அந்த முப்பது கேள்வியில் அவர் எப்படிக் கற்பார் என்று நீ கண்டுபிடிக்கவில்லை. நீ எப்படித் தப்பிப்பாய் என்று கண்டுபிடித்திருக்கிறாய்.

அக்கா

*

ஒத்தக்கடை
5 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. உன் குளிரில் ஒரு கிலோ கட்டி அனுப்பு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டல் வழிக்கு மாறினேன். ஒரு இங்கிலாந்துக்காரி பேசும் பாடங்களைப் போனில் போட்டு, நடுவில் வைத்துவிட்டு, இருவரும் தலையைக் குனிந்து கேட்டோம். வாசலில் எட்டிப்பார்த்த சோலை, சாவு விழுந்த துஷ்டி வீடு என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாருண்ணே?"

பிறகு செய்கை வழி. மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். அங்கே இங்கிலீஷுக்கு என்ன வேலை? இத்ரீஸ் என் பூசணிக்காயைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தார். ஒரு காய்கறிக்கார அம்மா அவரைப் பார்த்து, "பாவம், இம்புட்டுப் பெரிய மனுசனைச் சுமக்க விட்டுட்டுக் கைவீசிக்கிட்டுப் போறியே, நல்லாருக்கா?" என்று என்னைத்தான் வைதாள்.

மூன்று வழியும் தீர்ந்தது. மே மாதத்துக்கு மிச்சம் ஐம்பத்தேழு நாள். நேற்று அவரே பொறுமையிழந்து எழுந்து நின்று, "உஸ்தாத், கேளுங்கள்" என்று இங்கிலீஷில் சொன்னார். அவர் குரலை முழு வாக்கியமாகக் கேட்பது அதுதான் முதல் தடவை. "மரியாதைக்குரிய தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்தார் பார், அக்கா! ஆறு நிமிடம் ஆற்று வெள்ளம். உச்சரிப்பு, ஏற்ற இறக்கம், ஒன்றும் சோடையில்லை. எனக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தங்கம் உள்ளேயிருந்து வந்து, "டீக்குச் சீனி போடவா வேணாமா?" என்றாள்.

நின்றுவிட்டார். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. கண்ணை மூடினார். "மரியாதைக்குரிய தலைவர் அவர்களே" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். ஐந்து நிமிடம் ஆனதும், "சீனியா, நாட்டுச்சர்க்கரையா?" மறுபடி தலைவர் அவர்களே. நாலு தடவை, அக்கா. டீ ஆறியதுதான் மிச்சம்.

அப்புறம் சீட்டில் எழுதிக் காட்டினார். சின்ன வயதில் குர்ஆன் ஓதும் பள்ளியில் அப்படித்தானாம். மனப்பாடம் சொல்லும்போது இடையில் நின்றால் பகுதியின் தலையிலிருந்து சொல்ல வேண்டும். பேச்சு முழுவதையும் அப்படியே மனதில் ஏற்றிவைத்திருக்கிறார். நவம்பரில் தேர்வாளர் ஏழு தடவை கேள்வி கேட்டிருக்கிறார். இவர் ஏழு தடவை தலைவருக்கு மரியாதை செய்திருக்கிறார்.

நேற்று மகள்கள் போனில், "வாப்பா, எந்த மாசம்?" என்று கேட்டார்களாம். மே என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் சீலிங்கைப் பார்த்தேன்.

கிறிஸ்துராஜ்

*

கோத்தகிரி
13 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். குளிரைக் கட்டி அனுப்ப முடியாது. ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட் அனுப்பியிருக்கிறேன்.

இந்த நோய் எனக்குத் தெரியும். நீ ஒன்பது வயதில் ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவில் நூற்றுப் பத்தொன்பதாம் சங்கீதம் சொன்னாய். நாற்பதாவது வசனத்தில் சபைப் போதகரான ஐயர் தும்மினார். நீ முதல் வசனத்துக்குப் போனாய். அவருக்கு அன்று கடுமையான ஜலதோஷம். மூன்றாவது தும்மலில் பிரியாணி ஆறிப்போனது. நாலாவது தும்மலுக்கு முன் அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அந்த மனிதருக்கு இங்கிலீஷ் தெரியும். குறுக்கே பேசினால் தாங்கத் தெரியாது. அதைப் பழக்கு. ஒருவரை ஒரு வாக்கியம் முடிக்கவிடாத ஆட்கள் வேண்டும். மதுரையில் இருந்துகொண்டு இதற்கு ஆள் தேட வேண்டுமா? உன் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள் (தங்கம், இதை நீ படிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்).

அக்கா

*

ஒத்தக்கடை
8 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகம், சுகம். வர்க்கி உடையாமல் வந்தது. தங்கம் உன்மேல் கோபமாக இருப்பதாக எழுதச் சொன்னாள், சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

இப்போது எங்கள் வீட்டு முன்னறை ஐந்து மணியானால் சட்டசபை. இத்ரீஸ் நடுவில் நிற்பார். சுவரோரம் தங்கம், சோலை, சோலை மனைவி அன்னக்கொடி. விதி ஒன்றுதான்: அவரை முழுசாக ஒரு நிமிடம் பேசவிடக் கூடாது. கூட்டத்தில் ஒருவருக்கும் இதற்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

முதல் நாள் பதினான்கு தடவை தலைவர் அவர்களிடம் திரும்பினார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. அன்னக்கொடி, "பாவம்ங்க, விட்ருங்க" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். இரண்டாம் நாள் அவர் வரமாட்டார் என்றே நினைத்தோம். ஐந்து அடிக்க ஐந்து நிமிடத்துக்கு ஃப்ளாஸ்கோடு வந்து நின்றார்.

திருப்பம் சோலையால்தான் வந்தது. தங்கமும் அன்னக்கொடியும் சீனி, உப்பு, அவர் சம்சாரம் எம்புட்டு உயரம் என்று கேட்பார்கள். சோலைக்கோ நெஞ்சுக்குள் ஒரு நிஜக் கேள்வி இருந்தது. நாலாம் நாள் எழுந்தே விட்டார்.

"நிப்பாட்டச் சொல்லுங்கண்ணே! ரெண்டு வருசம் எள்ளுப் போட்டேன். விடியக்காலம் அறுக்கப் போனா அம்புட்டும் தரையில கெடக்கு. காத்துனால வெடிக்குதா, வெயிலுனால வெடிக்குதா? முந்நூறு பக்கம் எழுதிருக்காருல்ல, பதிலச் சொல்லச் சொல்லுங்க!"

கேள்வி காதில் விழுந்ததும் இத்ரீஸ் முகம் மாறியது. தலைவர் அவர்களை மறந்தேபோனார். ஒரு தீப்பெட்டியை எடுத்து, காய் எப்படிக் காய்கிறது, தையல் எந்தப் பக்கம் விடுகிறது என்று காட்டி, இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனார். வாக்கியம் உடைகிறது, ஒட்டுகிறது, மறுபடி உடைகிறது. ஆனால் பேச்சு, அக்கா. ஒப்பித்தல் இல்லை. பேச்சு. சோலை விடவில்லை. "அப்பக் கொஞ்சம் பச்சையா இருக்கையில அறுத்தா?" அதற்கும் பதில். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் கட்டிப்புரண்டார்கள். கடைசியில் சோலை, "தப்பு நெலத்து மேல இல்ல, நம்ம மேலதேன்" என்று ஒத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

போன வாரம் தலைவரிடம் திரும்பியது மூன்றே தடவை. நேற்று ஒன்று. மே இருபத்தொன்று புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வைவா. பொதுமக்கள் யாரும் வரலாம், கேள்வியும் கேட்கலாம் என்று அறிவிப்பில் போட்டிருக்கிறது. சோலை வெள்ளை வேட்டியை இப்போதே கஞ்சி போட்டு வைத்துவிட்டார்.

கிறிஸ்துராஜ்

*

கோத்தகிரி
17 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு,

சுகம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சந்தோஷம்.

ஒரு சந்தேகம். சோலைக்கு இங்கிலீஷ் தெரியாது. இத்ரீஸுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் எள்ளைப் பற்றிக் கட்டிப்புரண்டார்கள் என்கிறாய்.

நடுவில் நின்றது யார்?

அக்கா

*

(தபால் அட்டை)

ஒத்தக்கடை
21 மே 2025, மதியம்

அக்கா,

பாஸ்.

உன் போன கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை என்று தெரியும். மிச்சத்தை எல்லாம் தங்கம் எழுதுவாள்.

கிறிஸ்து

*

ஒத்தக்கடை
25 மே 2025

அன்புள்ள மதினிக்கு,

தங்கம் எழுதுவது. உங்க முதுகுக்கு இங்கே ஒரு தைலம் கிடைக்கிறது, வாங்கி வைத்திருக்கிறேன். உங்க தம்பி சுகம். மூன்று நாளாக மத்தியானமெல்லாம் தூங்குகிறார்.

அவர் எழுதாததை எல்லாம் நான் எழுதிவிடுகிறேன். முதல் நாள் இத்ரீஸண்ணன் வந்தபோது உங்க தம்பி பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே வரவில்லை. நான்தான் அவருக்குக் காப்பி கொடுத்துச் சமாளித்தேன்.

நடுவில் நின்றது யார் என்று கேட்டிருந்தீர்கள். அவர்தான். சோலையண்ணன் கேட்டதை இங்கிலீஷில் இத்ரீஸண்ணனுக்குச் சொன்னதும், அவர் சொன்னதைத் தமிழில் இவருக்குச் சொன்னதும் உங்க தம்பிதான். வாயைத் திறந்ததை அவரே கவனிக்கவில்லை. சோலையண்ணன் போட்ட அவசரத்தில் வெட்கப்பட நேரம் கிடைக்கவில்லை. நான் எண்ணினேன், அன்றைக்கு முப்பத்தியொரு தடவை இங்கிலீஷில் பேசினார். படுக்கும்போது சொன்னேன். "சும்மா கெட" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வைவாவுக்கு உங்க தம்பி, நான், சோலையண்ணன் மூன்று பேரும் போனோம். பெரிய ஹால், ஏசி. முன்னால் மேசையில் தலைவர், இத்ரீஸண்ணனுடைய வழிகாட்டி, அப்புறம் வடக்கேயிருந்து வந்த ஒரு தேர்வாளர். இத்ரீஸண்ணன் சாம்பல் கலர் கோட்டு. ஆரம்பித்தார். நன்றாகத்தான் போனது. யாரும் குறுக்கே பேசவில்லை. எல்லாரும் படித்தவர்கள், கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்கிறார்கள்.

அதுதான் மதினி வினையாகப் போனது. இரண்டு மாதமாக எங்க வீட்டில் நாங்கள் ஒரு நிமிடம் பேசவிட்டதில்லையா? இங்கே ஐந்து நிமிடம் ஆகியும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை என்றதும், ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் போல என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. பேச்சு மெதுவானது. நின்றது. எங்களைப் பார்க்கிறார். உதடு அசைய ஆரம்பித்துவிட்டது. தலைவர் அவர்களிடம் போகப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போனால் போனதுதான். அந்த இரண்டு பிள்ளைகள் முகம் போனில் பார்த்தது என் கண்ணுக்குள் வந்தது.

சோலையண்ணன் எழுந்தார். "அய்யா, ஒரு சந்தேகம்! பச்சையா அறுத்துப்புட்டா எண்ணெய் கொறையாதா?"

ஹாலே திரும்பியது. தலைவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "கேள்வியை இங்கிலீஷ்ல கேளுங்க. வெளியூர் ஐயாவுக்குத் தமிழ் தெரியாது" என்றார். சோலையண்ணன் கொஞ்சமும் தயங்காமல், "இந்தா, எங்க வாத்தியாரு சொல்லுவாரு" என்று உட்கார்ந்துவிட்டார்.

மதினி, உங்க தம்பி முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுண்ணாம்பு. முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நூறு பேர் இருக்கும் அந்த ஹாலில் இங்கிலீஷில் கேட்டார். முழுசாக, நிறுத்தி, கடைசி வார்த்தை வரைக்கும். குரல் ஆடியது, ஆனால் நிற்கவில்லை.

இத்ரீஸண்ணன் சிரித்தார். அவ்வளவுதான், மடை திறந்தது. பதில் சொல்லி, அதிலிருந்து அவர் ஆராய்ச்சிக்குப் போய், படம் காட்டி, இருபத்தைந்து நிமிடம். வெளியூர் ஐயா மூன்று கேள்வி கேட்டார். மூன்றாவது கேள்வியை அவர் முடிப்பதற்குள் இத்ரீஸண்ணன் குறுக்கே பேசிப் பதில் சொல்லிவிட்டார். எங்க வீட்டுப் பழக்கம்.

முடிந்ததும் வெளியூர் ஐயா உங்க தம்பியைப் பார்த்து, நல்ல கேள்வி, நீங்கள் எந்தத் துறை என்று கேட்டார். "நோ சார். நெய்பர்" என்றார் இவர்.

வெளியே வந்து இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். சோலையண்ணன் வேட்டி அழுக்காகிவிடும் என்று தள்ளியே நின்றார்.

தங்கம்

*

கோத்தகிரி
3 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

நலமாயிருக்கிறேன். தங்கம் கடிதம் வந்தது. வாசித்துவிட்டு ஆலயத்துக்குப் போய்க் காணிக்கைப் பெட்டியில் ஐந்நூறு ரூபாய் போட்டேன். எதற்கென்று ஐயர் கேட்டார், எள்ளுக்கு என்றேன்.

நீ எழுந்து நின்றதைப் பற்றி நீயே எனக்கு எழுதியிருக்கலாம். பரவாயில்லை. இருபத்தொன்பது வருடம் பேசாததை ஒரு அட்டையில் எழுதச் சொல்வது அதிகம்தான்.

அவர் எப்போது போகிறார்? பிள்ளைகள் எப்போது வந்து சேருகிறார்கள்? அதை மட்டும் தாமதிக்காமல் எழுது.

அக்கா

*

ஒத்தக்கடை
27 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். தைலத்தைத் தங்கம் பார்சல் கட்டிவிட்டாள். காலையும் மாலையும் தடவு, மோந்து பார்க்காதே.

இத்ரீஸ் பதினெட்டாம் தேதி புறப்பட்டார். வழியனுப்ப விமான நிலையம் வரை போனோம். அன்னக்கொடி ஐந்து கிலோ எள்ளுருண்டை செய்து கொடுத்திருந்தார். சோதனையிடத்தில் அந்த உருண்டைகள் என்னவென்று அதிகாரி கேட்க, இத்ரீஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எள்ளின் வரலாற்றையே சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரி இரண்டு தடவை குறுக்கிட்டும் நிற்கவில்லை. பின்னால் வரிசை வாசல்வரை போய்விட்டது.

சலாலா போய்ச் சேர்ந்து கையெழுத்தும் போட்டுவிட்டார். மனைவியும் பிள்ளைகளும் நேற்று வந்து இறங்கிவிட்டார்கள். போனில் படம் அனுப்பினார். பெரியவள் அவர் தோள் உயரம் இருக்கிறாள். சின்னவள் அப்பாவை அடையாளம் தெரியாமல் ஒரு மணி நேரம் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாளாம். அப்புறம் அவர் மடியில் ஏறியவள் இறங்கவேயில்லையாம். தங்கம் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். எனக்கு நெஞ்சில் ஆறு மாதமாக இருந்த ஒரு கல் எங்கே போனது என்று தெரியவில்லை.

என் பெருமையையும் கொஞ்சம் கேட்டுக்கொள். விஷயம் ஒத்தக்கடை முழுக்கப் பரவிவிட்டது. இன்னும் மூன்று வெளிநாட்டுக்காரர்கள் என்னைத் தேடி வந்திருக்கிறார்கள். முன்னறையில் சோலைக்கு என்று தனி நாற்காலி போட்டாகிவிட்டது. வாசலில் பலகை மாட்டவும் ஏற்பாடு. பார்த்தல், கேட்டல், செய்தல், இவற்றோடு நாலாவது வழியைக் கண்டுபிடித்தவன் என்ற முறையில் அந்தப் பயிற்சி முகாம்காரர்களுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதலாமா என்றும் யோசிக்கிறேன்.

உன் தம்பி,
கிறிஸ்துராஜ்

பி.கு. சான்றிதழ் வாங்கக் கல்லூரி அலுவலகத்துக்கு நானும் போயிருந்தேன். இத்ரீஸ் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, எழுத்தர் நகல்களை என் கையில் கொடுத்தார். அதில் நவம்பர் மாத வைவா அறிக்கையும் இருந்தது. மொத்தம் மூன்று வரி. ஒன்று: நாலாவது அட்டவணையில் சதவீதம் கூட்டினால் நூறு வரவில்லை, திருத்திக்கொண்டு மறுபடி வரவும். (அதை இத்ரீஸ் டிசம்பரிலேயே ஒரு மத்தியானத்தில் உட்கார்ந்து திருத்திக் கொடுத்துவிட்டாராம்.) இரண்டு: முக்கியமான பகுதிகளை மாணவர் ஏழு முறை வலியுறுத்திக் கூறினார். மூன்று: ஆங்கிலப் பேச்சு, மிகவும் திருப்திகரம்.